பேசாமல் இருக்கும் பயிற்சி

அக்டோபர் 14, திங்கள்

தூக்கத்துக்காகத்தான் இங்கே வந்திருக்கிறேன். அதை முதல் வரியிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். ஆறு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. வேறு காரணம் எதுவும் கிடையாது.

திண்டுக்கல்லில் இறங்கி சிறுமலைக்கு மினி பஸ் பிடித்தேன். பதினெட்டு வளைவும் ஏறி முடிப்பதற்குள் காலையில் சாப்பிட்ட இட்லி தொண்டைக்கு வந்துவிட்டது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து முகாமுக்கு அரை மணி நேரம் நடக்க வேண்டும். வழியெல்லாம் வாழை, எலுமிச்சை, நடுநடுவே பலா. மழை பெய்து ஓய்ந்திருந்தது.

வாசலில் கோமளா என்ற அம்மா பெயரைப் பதிந்துகொண்டார். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். முகாமுக்கு வரும் பெண்களைக் கவனித்துக்கொள்வது அவர் பொறுப்பு. போன், வாட்ச், புத்தகம், பேனா எல்லாவற்றையும் வாங்கித் துணிப்பையில் போட்டுக் கட்டினார்.

"அமிர்தவல்லி, அருப்புக்கோட்டை. டீச்சரா நீங்க?"

"ஆமாம்மா. பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிறேன்."

"நாளையிலருந்து பத்து நாளைக்குப் பேச்சே கிடையாது. டீச்சருங்கதான் ரொம்பத் திண்டாடுவாங்க" என்று சிரித்தார்.

நான் திண்டாட மாட்டேன் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. போனைக் கொடுத்ததும் கை லேசானது. இந்த நோட்டையும் ஒரு பென்சிலையும் மட்டும் சேலைகளுக்கு அடியில் ஒளித்துவிட்டேன். விதிப்படி தவறுதான்.

அறைக்கு இரண்டு பேர். என்னுடன் இருப்பவள் ஜெசிந்தா. தூத்துக்குடிப் பெண், இருபத்தாறு வயது. ஜனவரியில் கல்யாணமாம். "பேசக் கூடாதுன்னா நான் செத்தேம்க்கா" என்று சொல்லிவிட்டு, பேச அனுமதி இருந்த கடைசி நிமிடம் வரை பேசிக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளை கப்பலில் வேலை பார்க்கிறாராம். போட்டோவைக் காட்ட முடியாமல் போனைப் பிடுங்கிவிட்டார்களே என்று அவளுக்கு வருத்தம்.

மாலையில் பயிற்சி தரும் அருள்வேந்தன் ஐயா பேசினார். உடம்புக்கு ஆசனமும் குளிர்ந்த நீர்க் குளியலும் அளவான சாப்பாடும். மனசுக்கு மூச்சைக் கவனிப்பது. ஆன்மாவுக்கு மௌனம். விதிகளையும் சொன்னார். நான் பாதியைக் கேட்கவில்லை. லீவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். பிளஸ் டூ எடுக்கும் ஆசிரியைக்கு அக்டோபரில் பன்னிரண்டு நாள் லீவு எங்கள் பள்ளியில் இதுவரை கிடைத்ததில்லை. எனக்கு ஒரே நாளில் கிடைத்தது. தாளாளரே கூப்பிட்டு இந்த முகாமைப் பற்றிச் சொன்னார். "மனசுக்கு நல்லது மிஸ். இருபத்தஞ்சாம் தேதி முடியிற வரைக்கும் இருந்துட்டே வாங்க" என்றார்.

நல்ல மனிதர்.


அக்டோபர் 15, செவ்வாய்

நாலரைக்கு மணி அடித்தார்கள். பச்சைத் தண்ணீரில் குளித்தபோது பல் கிட்டிப்போனது. ஒரு மணி நேரம் ஆசனம், பிறகு கூடத்தில் தரையில் உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பது. மூக்கு நுனியில் காற்று போவதையும் வருவதையும் மட்டும் பார்க்க வேண்டும்.

எனக்கு மூச்சு தெரியவில்லை. கண்ணை மூடினால் ஒரு கதவு தெரிகிறது, சாத்திய கதவு. எந்த இடத்துக் கதவு என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை.

பத்தரைக்குக் கஞ்சியும் கீரையும். ஒவ்வொரு வாயையும் முப்பத்திரண்டு தடவை மெல்ல வேண்டும். கீரை பன்னிரண்டிலேயே கரைந்துவிட்டது. மீதியை வெறும் வாயில் மென்றேன்.

இதை மத்தியான ஓய்வில், குளியலறைகளுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது வந்தால் துவைப்பதுபோல் இருக்க ஒரு பாவாடையை நனைத்து வைத்திருக்கிறேன்.


அக்டோபர் 16, புதன்

முட்டி வலி. பயமாக இருக்கிறது. எட்டு நாள் இருக்கிறது இருபத்துநான்காம் தேதிக்கு.


அக்டோபர் 17, வியாழன்

ஒரு வித்தை கற்றுக்கொண்டேன்.

நேற்று மாலை ஐயா சொன்னார்: "பயம் வந்தா விரட்டாதீங்க. அது உடம்புல எங்க உக்காந்திருக்குன்னு மட்டும் பாருங்க. தொண்டையிலயா, வயித்துலயா, தோள்லயா? அசையாமப் பார்த்துக்கிட்டே இருந்தா அது தானா மாறும்."

காலைத் தியானத்தில் செய்து பார்த்தேன். என் பயம் வலது விலாவுக்குக் கீழே, ஒரு கை அளவுக்கு, மூடிய முஷ்டி மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபது மூச்சுக்குப் பிறகு விரல்களைத் தளர்த்துவதுபோல் விட்டது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஆறு வாரத்தில் முதல் தடவையாக நெஞ்சு முழுக்க மூச்சு இழுத்தேன்.

மத்தியானம் கனிஷ்காவின் முகம் வந்தது. என் பிளஸ் ஒன் மாணவி. செப்டம்பர் கடைசியிலிருந்து பள்ளிக்கு வருவதில்லை. முகம் வந்ததும் விலாவுக்குக் கீழே கவனித்தேன். பத்து மூச்சில் பயம் போய்விட்டது. முகமும் போய்விட்டது.

இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

பக்கத்தில் ஜெசிந்தாவால் உட்காரவே முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை எழுந்து வெளியே போய்வந்தாள். ஒவ்வொரு முறையும் கூடத்தின் மூலையில் இருக்கும் பானையில் இரண்டு சொம்பு தண்ணீர் குடிக்கிறாள். பயிற்சியில் அவளுக்கு ஈடுபாடு போதவில்லை என்று நினைத்தேன்.


அக்டோபர் 18, வெள்ளி

நேற்று ஏழு மணி நேரம் தூங்கினேன். எழுந்ததும் யாருக்காவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வேலாயுதத்திடம் சொல்ல முடியாது. கிளம்பும்போது அவர் "நமக்கெதுக்கு ஊர் வம்பு, நிம்மதியாப் போய்ட்டு வா" என்று பெட்டியைத் தூக்கி வைத்தார். என் கணவர் என்னிடம் கேள்வி கேட்பவர் இல்லை. நான் அவருக்குப் பதில் சொல்பவளும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் ஓடியது.

மழை விடாமல் பெய்கிறது.

துவைக்கும் கல்லுக்கு ஜெசிந்தா வந்தாள். நோட்டை மறைக்க நேரம் இல்லை. அவள் அதைப் பார்த்தாள், யாரிடமும் சொல்லமாட்டேன் என்பதுபோல் உதட்டில் விரல் வைத்தாள். பிறகு என் காதருகே குனிந்து பேசினாள். நாலு நாள் கழித்து என்னிடம் பேசும் முதல் குரல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அக்கா, நீங்களும் விதிய மீறுறீங்க, நானும் மீறுறேன். ஒண்ணு சொல்லட்டா? எனக்கு சுகர் இருக்கு."

"இந்த வயசுலயா?"

"பன்னெண்டு வயசுலருந்து. டெய்லி நாலு ஊசி. மாப்ள வீட்டுக்குத் தெரியாதுக்கா. எங்கம்மா சொல்லக் கூடாதுன்னுட்டாவ. கல்யாணத்துக்கப்புறம் எங்க வச்சு ஒளிச்சுப் போடுவேன் சொல்லுங்க? அதான் இங்க வந்தேன். சாப்பாட்டக் கொறச்சு, தியானம் பண்ணி, மனச ஒருநிலப்படுத்துனா ஒடம்பு தன்னால சரியாகும்னு ஒரு வீடியோவுல சொன்னாவ. புதன்கிழமயிலருந்து ராத்திரி போடுற ஊசிய நிறுத்திட்டேன். மத்ததப் பாதிதான் போட்டேன். இன்னையிலருந்து எதுவுமே போடல."

இருபது வருஷமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணையம் நடத்துகிறேன். இன்சுலினே சுரக்காத உடம்பு என்ன ஆகும் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

"ஜெசிந்தா, இது தியானத்துல சரியாகுற வியாதி இல்லடா. ஊசிய நிறுத்தக் கூடாது. ஆபீஸ்ல சொல்லிடு."

"சொன்னா வீட்டுக்கு போன் போட்டுருவாவ. கல்யாணம் நின்னுபோவும். ரெண்டு நாள் பாக்கேன்க்கா. முடியலன்னா நானே போட்டுக்கிடுதேன். யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

கையை நீட்டினாள். அந்தக் கை காய்ந்த இலை மாதிரி இருந்தது. நான் சத்தியம் பண்ணினேன்.

பெரிய பெண். படித்தவள். அவள் உடம்பைப் பற்றி அவளுக்குத் தெரியும். ரெண்டு நாள்தானே.

இதை எழுதும்போது விலாவுக்குக் கீழே முஷ்டி வந்தது. கவனித்தேன். போய்விட்டது.


அக்டோபர் 19, சனி

காலை ஆசனத்துக்கு அவள் வரவில்லை. அறைக்குப் போய்ப் பார்த்தேன். குளியலறையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண்களுக்குக் கீழே பள்ளம். மூச்சு என் முகத்தில் பட்டது. கனிந்து அழுகத் தொடங்கிய பழத்தின் வாசனை, அதோடு நகச்சாயத்தை அழிக்கும் திரவத்தின் நெடி.

அந்த வாசனை என்னவென்று எனக்குத் தெரியும். இன்சுலின் இல்லாத உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வருவது.

'ஊசி' என்று சைகை காட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஒரு விரலைக் காட்டினாள். இன்னும் ஒரு நாள்.

உதவி வேண்டுமென்றால் கோமளா அம்மாவிடம் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். அவர் மேசையில் காகிதமும் பென்சிலும் இருக்கும். போனேன். 'என் அறைப் பெண்ணுக்குச் சர்க்கரை நோய். ஊசியை நிறுத்திவிட்டாள்' என்று எழுத வேண்டும். இரண்டே வாக்கியம். பென்சிலை எடுத்தேன். அவள் கல்யாணம் நின்றால் என்னால்தானே நின்றது என்பார்கள். நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். என்னைப் பற்றி விசாரிப்பார்கள். பள்ளிக்குக்கூட போன் போகலாம்.

எழுதினேன்: 'என் அறைப் பெண்ணுக்கு வயிறு சரியில்லை.'

அவர் படித்துவிட்டுத் தலையாட்டினார். கால் மணி நேரத்தில் இஞ்சியும் எலுமிச்சையும் தேனும் கலந்து ஒரு பெரிய டம்ளரில் கொண்டுவந்தார். ஜெசிந்தாவின் தலையைத் தூக்கி, தன் மகளுக்குக் கொடுப்பதுபோல் மெதுவாகப் புகட்டினார். அந்த மலையில் எடுத்த தேன். மூன்று கரண்டியாவது இருக்கும்.

நான் அங்கேயே நின்றேன். டம்ளர் காலியாகும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.


அக்டோபர் 20, ஞாயிறு, காலை

விடியற்காலையில் எழுந்தேன். இன்று முஷ்டி போகவில்லை. எத்தனை மூச்சு எண்ணினாலும் போகவில்லை. ஆசனத்துக்குப் போகாமல் இங்கே கல்லில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் இன்றைக்கு நான் எழுந்து நடப்பேன் என்று தோன்றுகிறது.

ஆகஸ்ட் 29, வியாழக்கிழமை. நாலாவது பீரியட் முடிந்து விலங்கியல் ஆய்வகத்தில் கண்ணாடிச் சீசாக்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கனிஷ்கா ரெக்கார்டு நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். கெட்டிக்காரப் பெண், ஆனால் வகுப்பில் வாயே திறக்கமாட்டாள்.

"மிஸ், பிசிக்ஸ் லேப்ல சார் கதவச் சாத்துறாரு மிஸ்."

"எதுக்கு?"

"ரெக்கார்டு திருத்தணும்னு என்னைய மட்டும் நிக்கச் சொல்றாரு. மூணு தடவ ஆயிருச்சு. கதவச் சாத்திட்டு..."

தன் தோளில் தன் கையை வைத்துக் காட்டினாள். கை அங்கிருந்து கீழே நகர்ந்தது. பாதியில் நின்றது. அதற்கு மேல் அவளால் காட்ட முடியவில்லை. நோட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

எனக்குப் புரியாமல் இல்லை. எல்லாம் புரிந்தது. புரிந்த அந்த நொடியிலேயே, அந்த மனிதர் தாளாளருக்கு மைத்துனர் என்பது நினைவுக்கு வந்தது.

"காலாண்டுப் பரீட்சை முடியட்டும்மா. அப்புறம் நான் பாத்துக்கிறேன்" என்றேன். "அதுவரைக்கும் நீ யார்கிட்டயும் சொல்லாத. அம்மாகிட்டகூட. உன் பேருதான் கெட்டுப்போகும்."

"சரி மிஸ்" என்றாள். வாசல் வரை போய்த் திரும்பி, "தேங்க்ஸ் மிஸ்" என்றாள்.

பரீட்சை முடிந்தது. நான் எதையும் பார்த்துக்கொள்ளவில்லை. அவள் பள்ளிக்கு வருவதை நிறுத்தினாள். அவள் அம்மா நூல் மில்லில் வேலை பார்ப்பவர், எப்படியோ மகளைப் பேசவைத்துப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். அதில் 'அமிர்தா மிஸ்ஸிடம் முன்பே சொன்னேன்' என்று ஒரு வரி இருக்கிறது. விசாரணைக் குழு இருபத்துநான்காம் தேதி காலை பதினோரு மணிக்கு. அதனால்தான் தாளாளர் எனக்கு லீவு கொடுத்தார். "வெளியூர்ல இருக்கீங்கன்னு நான் சொல்லிக்கிறேன். அப்புறம் யாராச்சும் கேட்டா ஞாபகமில்லைன்னு சொல்லுங்க, முடிஞ்சது" என்றார்.

தூக்கத்துக்காக வந்தேன் என்பது பொய்.

அந்த மனிதரின் பெயர் குணாளன். இதுவரை நான் இதை எங்கேயும் எழுதியதில்லை.

அறைக்குப் போகிறேன். ஜெசிந்தா மூச்சு விடும் சத்தம் இங்கே வரை கேட்பதுபோல் இருக்கிறது. பிரமையாக இருக்க வேண்டும்.


அக்டோபர் 21, திங்கள், திண்டுக்கல்

பிரமை இல்லை.

மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

அறைக்குள் போனபோது அவள் மல்லாந்து கிடந்தாள். ஓடி வந்தவளைப்போல் ஆழமாக, வேகமாக மூச்சு விட்டாள். விலா எலும்புகள் ஏறி இறங்கின. "ஜெசிந்தா" என்றேன். என் குரல் கரகரத்து, யாரோ பேசியதுபோல் கேட்டது. அவள் கண் திறந்தாள், என்னைத் தெரியவில்லை. "அம்மா, பஸ் வந்துட்டு" என்றாள்.

நான் ஓடினேன். முட்டி வலி என்ன ஆனதென்று தெரியாது. கூடத்தில் அறுபது பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். மழைச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. வாசலில் நின்றேன். வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. உண்மையாகவே வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று சொல்ல முடியாது. மூன்று நொடியாக இருக்கலாம். எனக்கு அது ஆகஸ்ட் 29 முதல் நேற்று வரை இருந்தது.

பிறகு கத்தினேன்.

"அந்தப் பொண்ணுக்குச் சுகர்! ஊசியை நிறுத்திட்டா! சாகப் போறா!"

அறுபது பேரும் கண்ணைத் திறந்தார்கள். எல்லாரும் என்னைத் திட்டுவார்கள், வெளியே போ என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அருள்வேந்தன் ஐயா ஒரே எட்டில் மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"பேசுங்கம்மா, பேசுங்க. எந்த ரூம்? எத்தனை நாளா?"

"எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும்."

அவர் முகம் மாறியது. ஜீப்பை எடுக்கச் சொல்லி ஓட்டுநரைக் கூப்பிட்டார். இரண்டு பேர் போர்வையில் வைத்து அவளைத் தூக்கி வந்தார்கள். கோமளா அம்மா அலுவலக அலமாரியைத் திறந்து அவள் போனைத் தேடி எடுத்தார். நான் அவள் பையைக் கொட்டி, துண்டில் சுற்றி வைத்திருந்த ஊசிப் பேனாக்களை எடுத்துக்கொண்டேன்.

ஜீப்பின் பின்னால் அவள் தலை என் மடியில். பதினெட்டு வளைவு. மழையில் எதிரே எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அவள் உடம்பு என் பக்கம் சரிந்து வந்தது. மூச்சு மட்டும் நிற்காமல் இரைந்துகொண்டிருந்தது. அது நின்றுவிடுமோ என்று அதையே கவனித்துக்கொண்டு வந்தேன். ஆறு நாளாக மூச்சைக் கவனிக்கப் பழகியதற்கு அப்போதுதான் அர்த்தம் வந்தது. என் மூச்சை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

எதிரே கோமளா அம்மா அழுதுகொண்டே வந்தார். "தேன் குடுத்தேனேம்மா. என் கையாலயே குடுத்தேனே. மொத நாளே ஐயா தெளிவாச் சொன்னாரே, உடம்புக்கு ஏதாச்சும்னா மௌனத்தப் பாக்காதீங்க, உடனே வாயத் திறந்து சொல்லுங்கன்னு."

முதல் நாள் நான் கேட்காமல் விட்ட பாதியில் அது இருந்திருக்கிறது.

டாக்டர் இளம்பெண். ரத்தச் சர்க்கரை கருவியில் எண்ணே காட்டவில்லை, அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது. உள்ளே கொண்டுபோய் ஒரு மணி நேரம் கழித்து வந்தார்.

"நீங்க யார் பேஷன்ட்டுக்கு?"

"கூடத் தங்கியிருந்தேன்."

"ஊசி நிறுத்தினது எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம்."

அவர் அதை எழுதிக்கொண்டார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். விலங்கியலில் எம்.எஸ்ஸி. என்றேன். பேனா ஒரு நொடி நின்றது. அதையும் எழுதிக்கொண்டார்.


அக்டோபர் 22, செவ்வாய்

பிழைத்துவிட்டாள்.

காலையில் ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே அவள் அம்மா வந்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கும் தகவல் போய்விட்டது.

"சொல்லிட்டீங்களேக்கா" என்றாள். உதடு வெடித்திருந்தது.

"சொல்லிட்டேன்."

"சத்தியம் பண்ணீங்கள்லா?"

"ஆமா. பண்ணியிருக்கக் கூடாது. அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் வந்து நேரம் முடிந்தது என்றார். நான் எழுந்தபோது சுவரைப் பார்த்தபடியே, "தண்ணி தாங்க" என்றாள். ஒரு கரண்டிதான் கொடுக்கலாம் என்றார்கள். கொடுத்தேன். குடித்தாள்.

கோமளா அம்மா என் துணிப்பையைக் கொண்டுவந்து தந்தார். மீதி நாட்களுக்குத் திரும்பி வருகிறீர்களா என்று கேட்டார். இல்லை, எனக்கு ஊரில் வேலை இருக்கிறது என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.


அக்டோபர் 23, புதன், அருப்புக்கோட்டை

போனைத் திறந்தேன். தாளாளரிடமிருந்து ஒரே ஒரு செய்தி: 'நல்லபடியாக ஓய்வெடுங்கள். 25க்குப் பிறகு பேசலாம்.'

வேலாயுதம் கதவைத் திறந்து, ஏன் முன்கூட்டியே வந்தாய் என்று கேட்டார். அவர் கேட்கும் வழக்கம் இல்லை. நான் சொல்லும் வழக்கமும் இல்லை. சமையலறையில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன், நாளை விசாரணைக்குப் போகப்போவதையும். குக்கர் நாலு விசில் வந்தும் அவர் அடுப்பை அணைக்கவில்லை.

"வேலை போயிரும்" என்றார் கடைசியில்.

"போகும்."

"அவங்க ஆளுக சும்மா விடமாட்டாங்க, அமிர்தம்."

"பயமாத்தான் இருக்கு."

அவர் அடுப்பை அணைத்தார். பிறகு பஸ்ஸில் போக வேண்டாம், வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். 

தூக்கம் வராது. வராமல் போகட்டும்.


அக்டோபர் 24, வியாழன்

காலையில் ஆசனம் செய்தேன். பச்சைத் தண்ணீரில் குளித்தேன். மூச்சைக் கவனித்தேன். முஷ்டி அங்கேயே இருந்தது. அதைக் கரைக்க முயலவில்லை. அதையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பள்ளி வாசலில் காவலாளி என்னைப் பார்த்து எழுந்து நின்றார். தாளாளர் அறைக்குப் பக்கத்து அறையில் குழு கூடியிருந்தது. தலைமையாசிரியர், இரண்டு ஆசிரியைகள், வெளியிலிருந்து வந்த ஒரு வழக்கறிஞர் அம்மா. சுவரோரமாக கனிஷ்காவின் அம்மா பாண்டீஸ்வரி. மில் ஷிப்டு முடிந்து நேராக வந்திருப்பார்போல, தலைமுடியில் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது.

தலைமையாசிரியர் என்னைப் பார்த்ததும் எழுந்தார். "மிஸ், நீங்க வெளியூர்ல..."

"வந்துட்டேன் சார்."

"அவங்களுக்கு உடம்பு சரியில்லை மேடம், கொஞ்ச நாளா மனஉளைச்சல். இன்னொரு நாள் வச்சுக்கலாம்" என்று வழக்கறிஞரிடம் சொன்னார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் எழுந்து ஓடிவிடுவேன் என்று பயமாக இருந்தது. தேதி, பீரியட், அவள் சொன்ன வார்த்தைகள், தோளில் கை வைத்துக் காட்டியது, குணாளன் என்ற பெயர். பிறகு நான் சொன்னது. அம்மாவிடம்கூடச் சொல்லாதே என்று நான் சொன்ன இடத்தில் பாண்டீஸ்வரியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, சுடுபாத்திரத்தைத் தொட்டுவிட்டவர் போல. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டேன் என்று தெரியும். லீவு கொடுத்தபோது தாளாளர் சொன்னதையும் சொன்னேன்.

வழக்கறிஞர் எழுதி முடித்தார். "மேடம், ஒண்ணு தெளிவாச் சொல்லிடுறேன். குழந்தை உங்ககிட்ட சொல்லியும் நீங்க யாருக்கும் தெரிவிக்கலை. அதுவே குற்றம். இது போலீசுக்குப் போகும். போனா உங்க மேலயும் கேஸ் வரலாம். தெரிஞ்சுதான் கையெழுத்துப் போடுறீங்களா?"

பேனா மேசையில் இருந்தது. விலாவுக்குக் கீழே எல்லாம் இறுகியிருந்தது.

"தெரிஞ்சுதான்" என்றேன். போட்டேன்.

வெளியே வராந்தாவுக்கு வந்தேன். ஆசிரியர் அறையிலிருந்து பார்த்தவர்கள் உள்ளே போய்விட்டார்கள். வேலாயுதம் வேப்பமரத்தடியில் வண்டியோடு நின்றிருந்தார். அங்கே போய்க்கொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பாண்டீஸ்வரி.

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று நின்றேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா, அதுக்கப்புறம் நாலு வாரம் எம்புள்ள அந்த ரூமுக்குள்ள போயிருக்க மாட்டா" என்றார். குரலை உயர்த்தவில்லை.

"ஆமா."

"டீச்சரே சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்கன்னு எங்கிட்ட ஒரு மாசம் சொல்லாம இருந்துச்சு. சோறு தண்ணி இல்லாம."

நான் தலைகுனிந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, அந்த வார்த்தைக்கு அவர் முன்னால் எந்த எடையும் இல்லை என்று தோன்றியது.

"கோர்ட்டுன்னு போனா இதே மாதிரி வந்து சொல்லுவீங்களா? இல்ல, அப்ப எங்கயாச்சும் போயிருவீங்களா?"

"வருவேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நம்பவில்லை. நம்ப அவருக்கு ஒரு காரணமும் இல்லை. கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். புகாரின் நகல். அதன் பின்பக்கத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினார்.

"எழுதிக் குடுங்க."

வண்டி சீட்டின் மேல் வைத்து எழுதினேன். பெயர், வீட்டு எண், தெரு, போன் நம்பர். அதற்குக் கீழே, 'எத்தனை முறை கூப்பிட்டாலும் வந்து சொல்லுவேன்.' எழுத்து கோணலாக ஓடியது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பாண்டீஸ்வரி ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். படித்து முடித்துத் தாளைத் திரும்ப என்னிடமே கொடுத்தார்.

"தேதி போடலயே" என்றார்.

போட்டேன்.